புயலில் உடைந்த கடற்கரை நடைபாதை: மதிலா, கல்லணையா, பின்வாங்குவதா, மணலா?

கார்த்திகையும் மார்கழியும் கழிந்து கடல் அடங்கியதும் யாழ்ப்பாணத்தின் கரையோர ஊர்களில் ஒரே பேச்சுத்தான். உடைந்துபோன கடற்கரை வீதியை, நடைபாதையை, பின்னேரம் சனம் வந்து குந்தியிருக்கும் கட்டினை என்ன செய்வது? நகரசபையிடம் ஒரு மதிப்பீடு இருக்கும். கடற்றொழிலாளர் சங்கம் வேறொன்று கேட்கும். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் ஊர்ச் சங்கங்கள், காசு தர ஆயத்தம், எதற்கு என்று மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள் என்பார்கள். கூட்டம் இரவு வரை நீண்டு, கடைசியில் "முன்பு இருந்த மாதிரியே கட்டுவோம்" என்று முடியும். எல்லாரும் ஒத்துக்கொள்ளக்கூடியது அது ஒன்றுதான் என்பதால் அப்படி முடிகிறது. அது சரியான தெரிவு என்பதால் அல்ல.

அந்தக் கூட்டத்தில் இருப்பவர்களுக்காகவும், அதற்குக் காசு அனுப்புபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். என் முடிவை முன்னமே சொல்லிவிடுகிறேன். பின்னால் இடம் இருக்கிற ஊர் பின்வாங்க வேண்டும். இடமே இல்லாத ஊர் சரிவாகக் கல் போட வேண்டும். அலை நேரே அடிக்கும் கரையில் செங்குத்தான மதில் இறங்குதுறைக்கு மட்டும் போதும். மணலும் செடியும் மணற்கரை உள்ள இடத்தில்தான் வேலை செய்யும். ஏன் என்பது கீழே.

## முதலில், உடைந்தது எது?

உடைந்த இடத்துக்குப் போனால் பெயர்ந்து கிடக்கும் இன்ரலொக் கற்களும் சரிந்த கைப்பிடிச் சுவரும்தான் கண்ணில் படும். மதிப்பீடும் அதை வைத்தே போடப்படுகிறது: இத்தனை சதுர அடி தரை, இத்தனை அடி சுவர். கொஞ்சம் குனிந்து, கொங்கிறீற் தட்டின் கடல்பக்க விளிம்புக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள். முழங்கை வரை உள்ளே போகும். மணல் இருக்க வேண்டிய இடத்தில் ஈரச் சல்லியும், துருவேறித் தடித்த கம்பி முனையும், அலை கொண்டுவந்து செருகிய வலைத்துண்டும் இருக்கும். பக்கத்தில் இன்னும் உடையாமல் நிற்கும் தட்டை அலவாங்கால் தட்டினால் வெறும் பானையைத் தட்டிய சத்தம் வரும். உடையவில்லை என்று அந்தத் தட்டு மதிப்பீட்டில் சேர்ந்திருக்காது. அடுத்த வாடையில், அதாவது வடகிழக்குக் காற்றுக் காலத்தில், போகப்போவது அதுதான்.

நடப்பது இப்படி. அலை செங்குத்துச் சுவரில் மோதினால் ஒரு பங்கு மேலே எழும்பும். மற்றது கீழே இறங்கி, சுவரின் காலடியில் உள்ள மணலைக் கிளறிக்கொண்டு திரும்பும். காலடி வெறுமையானதும், சுவருக்குப் பின்னால் நிரப்பிய மண் அந்த வழியால் கசிந்து வெளியேறத் தொடங்கும். மேலால் தெறித்து விழுந்த நீரோ வடிய வழியில்லாமல் பின்பக்கம் தேங்கும். ஒரு கன மீற்றர் கடல்நீர் 1,000 கிலோவுக்கும் மேல் எடை. அலை பின்வாங்கும் கணத்தில் முன்னால் தாங்குவதற்கு எதுவும் இல்லாதபோது, அந்த நீரும் ஈரமண்ணும் சேர்ந்து சுவரைக் கடல்பக்கம் தள்ளிவிடும். சரிந்த சுவர் எந்தப் பக்கம் விழுந்து கிடக்கிறது என்று பாருங்கள். கடல்பக்கமாகக் கிடந்தால், சுவரை இன்னும் தடிப்பாகக் கட்டுவது தீர்வில்லை என்று அர்த்தம்.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் கரையில் வழமையான வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை. அதனால்தான் இவ்வளவு கிட்டக் கட்டப் பழகிவிட்டோம். புயல் வந்தால் அந்தக் கணக்கு மாறிவிடும். காற்றழுத்தம் 1 ஹெக்டோபஸ்கால் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் ஏறும். அதற்குமேல் காற்று நீரைக் கரைக்குத் தள்ளும். பாக்கு நீரிணை போல ஆழம் குறைந்த கடலில் அந்தத் தள்ளல் பெரிதாக ஏறும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் காட்டியது அதைத்தான். 2008இல் நிஷா, 2020இல் புரெவி, 2025இல் டித்வா ஆகியவற்றை நாம் பெரும்பாலும் மழையாலும் வெள்ளத்தாலும் நினைவில் வைத்திருக்கிறோம். புரெவி கரையேறியது திருகோணமலைக்கு வடக்கே. வங்காள விரிகுடாவிலிருந்து நேரே வடமராட்சியை நோக்கி வரும் ஒன்றுக்கு இன்றைய நடைபாதைகள் எப்படித் தாங்கும் என்பதை யோசித்தே கட்ட வேண்டும்.

## எதை வைத்து அளப்பது?

முதல் அளவுகோல் காலடி. அலை அடியைத் தோண்டினால் இந்தக் கட்டு என்ன ஆகும்? இறங்கி இருந்துகொள்ளுமா, முறிந்து விழுமா?

இரண்டாவது, தொழில் செய்பவருக்குக் கரை மிஞ்சுமா? வள்ளம் இழுக்க, வலை காயவைக்க, பொத்த, கரைவலை இழுக்கப் பாடு, அதாவது திறந்த கரைத்துண்டு, வேண்டும். நடைபாதை அழகாக இருந்து வள்ளம் ஏற்ற இடமில்லை என்றால் ஊர் கெட்டுப்போகும். எனக்கு இது மற்ற எல்லாவற்றையும் விடக் கனமான அளவுகோல். பொழுதுபோக்க வருபவர் வேறு கடற்கரைக்குப் போகலாம். தொழிலாளிக்கு இருப்பது அந்த ஒரு கரைதான்.

மூன்றாவது, பக்கத்துக் கரை. வாடைக்காற்றில் அலை வடகிழக்கிலிருந்து சாய்வாக வந்து வடகரையில் மணலை மேற்கே நகர்த்தும். நம் பக்கத்தில் ஒன்றைக் கட்டி அந்த ஓட்டத்தை மறித்தால், மேற்கே உள்ள ஊருக்கு வரவேண்டிய மணல் வராது.

நான்காவது, பத்து ஆண்டுச் செலவு. திறப்புவிழா வரைக்கும் ஆகும் செலவை எல்லாரும் கேட்கிறார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தை மாதமும் யார் வந்து பார்ப்பது, யார் காசு தருவது என்று கேட்பவர் குறைவு.

ஐந்தாவது, சனம் நடக்க, இருக்க முடியுமா? முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் உட்பட.

## தெரிவு 1: இருந்த மாதிரியே செங்குத்து மதில்

இதன் பலத்தை மறுக்க முடியாது. இடம் குறைவாகப் பிடிக்கும்; ஒன்றரை மீற்றர் அகலம் இருந்தால் கட்டிவிடலாம். ஊர் மேசன்மாருக்கே தெரிந்த வேலை. மேலே தட்டையான நடைபாதை கிடைக்கும். ஆழமான தண்ணீர் உள்ள இடத்தில் வள்ளம் அணைத்துக் கட்டலாம். ஆகவே இறங்குதுறை, மீன் ஏலம் கூறும் இடம் ஆகியவற்றுக்கு இதுதான் பொருத்தம்.

காலடி அளவுகோலில் மதில் தோற்றுவிடுகிறது. ஏன் என்பதை மேலே சொல்லிவிட்டேன். மதிலை நிற்க வைக்க வேண்டுமானால் அத்திவாரம் சுண்ணக்கல் பாறை வரை இறங்க வேண்டும். பருத்தித்துறைப் பக்கத்தில் பல இடங்களில் பாறை மேலேயே இருப்பதால் அது முடியும். மணல் தடிப்பாக உள்ள இடத்தில் அந்தச் செலவை யாரும் மதிப்பீட்டில் காட்ட மாட்டார்கள். அரைகுறை ஆழத்தில் நிறுத்திவிடுவார்கள்.

மறைந்த செலவு இன்னும் மூன்று இருக்கிறது. ஒன்று, கம்பி. கரையோரக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர். அதில் குழைத்த கொங்கிறீற்றிலும், கழுவாத கடல்மணல் கலந்த கொங்கிறீற்றிலும் உப்பு உள்ளேயே இருந்துவிடும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் கொங்கிறீற்றை உள்ளிருந்து பிளக்கும். கம்பிக்கு வெளியே குறைந்தது 50 மில்லிமீற்றர் கொங்கிறீற் மூடி இருக்க வேண்டும். நல்ல தண்ணீர் பவுசரில் வர வேண்டும். பவுசர்ச் செலவு மதிப்பீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் எந்தத் தண்ணீரில் குழைக்கப் போகிறார்கள் என்பது விளங்கிவிடும்.

இரண்டு, வடிகால். சுவரில் விடப்படும் நீர்த்துளைகளுக்குப் பின்னால் சல்லியும் வடிகட்டும் துணியும் வைக்காவிட்டால், துளை வழியே மண்தான் வெளியே போகும். துளை இல்லாவிட்டால் நீர் தேங்கும். இரண்டுமே சுவரைக் கொல்லும்.

மூன்று, மதில் முடியும் முனை. கடல் அந்த முனையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து அரிக்கும். அதைத் தடுக்க இன்னும் இருபது மீற்றர் நீட்டுவார்கள். பிறகு இன்னும் இருபது. முன்னால் இருந்த மணற்கரையும் ஆண்டுக்கு ஆண்டு தாழும். வள்ளம் இழுத்து வைத்த இடம் தண்ணீராகிவிடும்.

## தெரிவு 2: கருங்கல் சரிவணை

பெரிய கற்களைச் சரிவாக, இரண்டு அடுக்காக, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும்படி அடுக்குவது. அலை கற்களின் இடைவெளிக்குள் புகுந்து தன் வேகத்தை இழக்கும். காலடி அரிக்கப்பட்டால் கீழ்க்கற்கள் சற்று இறங்கி அந்தக் குழியை நிரப்பும். மதில் முறிவது போல முறியாது. ஒரு புயலுக்குப் பிறகு இருபது கற்கள் உருண்டிருந்தால், இயந்திரம் கொண்டுவந்து தூக்கி வைத்துவிடலாம். காலடி அளவுகோலில் இதற்கு நிகர் இல்லை.

ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு தடை உண்டு: கல். குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல். கருங்கல் வவுனியாப் பக்கமிருந்தோ, வன்னியின் மற்ற இடங்களிலிருந்தோ 100 கிலோமீற்றருக்கும் மேல் ஏ9 வீதியால் வர வேண்டும். ஒரு கணக்குப் பாருங்கள். 100 மீற்றர் நீளத்துக்கு, ஒவ்வொரு மீற்றருக்கும் 10 கன மீற்றர் அணை என்று வைத்தால் 1,000 கன மீற்றர். இடைவெளி 40 வீதம் கழித்தால் ஏறக்குறைய 1,600 தொன் கல். 10 தொன் ஏற்றும் டிப்பர் 160 தடவை ஓட வேண்டும். அந்த டிப்பர்கள் கடைசியில் வந்து நுழைவது ஊரின் ஒழுங்கைகளில். உடையும் ஒழுங்கையைத் திருத்தும் செலவும் இந்தத் திட்டத்தின் செலவுதான்.

"அப்படியானால் இங்கேயே கிடக்கும் சுண்ணக்கல்லைப் போட்டால் என்ன?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்வி. பதில் எடையில் இருக்கிறது. கல்லின் அளவைத் தீர்மானிக்கப் பொறியியலாளர்கள் ஹட்சன் சூத்திரம் என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதன்படி அலையின் உயரம் இரட்டித்தால் தேவையான கல்லின் எடை எட்டு மடங்காகும். கரைக்கு வரும் அலை 1.5 மீற்றர், சரிவு இரண்டுக்கு ஒன்று என்று எடுத்தால், கருங்கல் ஒன்று அரைத் தொன்னுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். அதே இடத்தில், கன மீற்றருக்கு 2.2 தொன் மட்டுமே உள்ள துளைத்த சுண்ணக்கல் என்றால் ஒவ்வொரு கல்லும் ஒரு தொன்னைத் தாண்ட வேண்டும். அந்த அளவில் முழுக்கல்லாக எடுப்பதே கடினம். எடுத்தாலும் உருண்டு உரசித் தேயும். பவளக்கல்லைப் பற்றிப் பேச்சே வேண்டாம். சட்டம் தடுக்கிறது என்பது ஒரு பக்கம். கரைக்கு முன்னால் அலையை முதலில் உடைப்பதே கடலுக்குள் கிடக்கும் அந்தப் பவளப் பார்தான். அதை எடுத்து அணை போடுவது, இருக்கும் காவலை அழித்துப் புதுக் காவல் தேடுவது.

அடுத்தது அகலம். 2.5 மீற்றர் உயர அணைக்கு, இரண்டுக்கு ஒன்று சரிவில், சரிவு மட்டுமே 5 மீற்றர் பிடிக்கும். மேலே உச்சியும் கீழே காலடியும் சேர்த்தால் 8, 9 மீற்றர். அந்த அகலம் எங்கிருந்து வருகிறது? வள்ளம் வைக்கும் கரையிலிருந்து. ஆகவே ஒரே நீட்டுக்குக் கல் போட்டு மூடிவிடக் கூடாது. வள்ளம் போய்வரப் பாரை வெட்டி ஆழமாக்கிய வான் என்ற வாய்க்கால் எங்கே இருக்கிறதோ, அந்த வானுக்கு நேரே கரையில் வள்ளம் ஏற்ற வழி விட வேண்டும். எந்த இடத்தில் என்பதை வரைபடம் கீறுபவர் தீர்மானிக்கக் கூடாது. அந்தக் கரையில் தொழில் செய்பவர்கள் தடி நட்டுக் காட்ட வேண்டும்.

கல்லுக்கு அடியில் வடிகட்டும் துணியும் சிறுகல் படுக்கையும் இல்லாவிட்டால், அணை இருக்கும், அதன் பின்னால் உள்ள மண் இருக்காது. பார்க்க முடியாத இந்த அடுக்கில்தான் ஒப்பந்தகாரர் மிச்சம் பிடிப்பார். படுக்கை போடும் நாளில் சங்கத்திலிருந்து ஒருவர் பக்கத்தில் நின்று படம் எடுத்து வைப்பது நல்லது.

நடக்க, இருக்க என்று பார்த்தால் கல்லணை சுமார்தான். பிள்ளைகள் தண்ணீருக்கு இறங்க முடியாது. இடுக்குகளில் பிளாத்திக்குப் போத்தலும் வலைக்கிழிசலும் சேரும், எலி குடியேறும். மாதம் ஒருமுறை துப்புரவாக்க ஆள் வேண்டும்.

கம்பி வலைக்கூடையில் சிறுகல் நிரப்பி அடுக்குவதும் இதில் சேர்த்துச் சொல்லப்படுகிறது. மலிவு, சுண்ணக்கல்லே போதும். ஆனால் உப்புத்தண்ணீரில் கம்பி சில ஆண்டுகளில் அறுந்துவிடும். பிறகு கல் உருண்டு போக, அறுந்த கம்பி முனைகள் வெறுங்காலில் நடப்பவருக்கும் வலைக்கும் எமன். நேரடி அலை படும் இடத்தில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## தெரிவு 3: பின்வாங்குதல்

நடைபாதையை, முடிந்தால் வீதியையும், கரையிலிருந்து உள்ளே தள்ளி, இருந்த இடத்தை மணற்கரையாக விட்டுவிடுவது. கூட்டத்தில் இதைச் சொன்னால் "கடலுக்குப் பயந்து ஓடுவதா?" என்று குரல் எழும். கரையைக் கட்டிப் பாதுகாத்து வளர்ந்த ஊர்களில் அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. போர்க்காலத்தில் உயர்பாதுகாப்பு வலயமாகக் கரையை இழந்து, பல ஆண்டு காத்திருந்து திரும்பி வந்தவர்களிடம் மறுபடி பின்னால் போங்கள் என்று சொல்வது இலேசான காரியம் இல்லை.

அப்படியிருந்தும் ஐந்து அளவுகோலில் நான்கில் இதுதான் முன்னுக்கு நிற்கிறது. அடியைத் தோண்ட அலை கிட்ட வராது. தொழில் செய்யும் கரை கூடும். மணல் ஓட்டம் மறிபடாது. பராமரிப்பு ஒவ்வொரு வாடைக்கும் தேவைப்படாது. அகலமான மணற்கரை இருந்தால், வரும் அலை பெரும்பாலும் அதில் ஏறி ஓய்ந்துவிடும்.

தோற்கும் இடம் முதல் செலவு. காணி. ஒரு காணிக்கு உறுதியில் ஐந்து பேர் பெயர். மூவர் வெளிநாட்டில், ஒருவர் இறந்து பிள்ளைகள் பிரான்சில், அற்றோணித் தத்துவம் யாரிடம் என்று தெரியாது. காணி எடுத்தல் சட்டம் 1950ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதன் வழியே போனால் ஆண்டுகள் ஆகும். மின்கம்பம், தண்ணீர்க் குழாய், கோயில் தேரோடும் வீதி, சுடலை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வீட்டுக் கதவைத் திறந்தால் வீதி, வீதியைத் தாண்டினால் கடல் என்று இருக்கும் பகுதியில் பின்வாங்க இடமே இல்லை. அங்கே இதைப் பற்றிப் பேசி நாளை வீணாக்கக் கூடாது.

ஆனால் அரைப் பின்வாங்கல் என்று ஒன்று உண்டு. அதை ஏனோ யாரும் மேசையில் வைப்பதில்லை. வீதியைத் தொடாமல், நடைபாதையை மட்டும் வீதியின் கரைப்பக்கத்திலிருந்து ஊர்ப்பக்கத்துக்கு மாற்றலாம். கடல்பக்கத்தில் கொங்கிறீற் தட்டு வேண்டாம். மணல் படுக்கையில் இன்ரலொக் கல், தூக்கிக் கொண்டுபோகக் கூடிய இருக்கை, கழற்றி வைக்கக் கூடிய விளக்குக் கம்பம். வாடைக்கு முன் கழற்றி, தை பிறந்து பூட்டலாம். அலை வந்து கற்களைப் பெயர்த்தாலும் பொறுக்கி எடுத்து மறுபடி பதிக்கலாம். உடைந்த கொங்கிறீற்றை அப்படிச் செய்ய முடியாது. மறைந்த செலவு என்றால் கழற்றுபவரும் பூட்டுபவரும். ஊரில் உறுதியான விளையாட்டுக் கழகமோ சனசமூக நிலையமோ இருந்தால் மட்டும் இதைத் தெரிவுசெய்யுங்கள்.

## தெரிவு 4: மணலும் செடியும்

கரைக்கு மணல் கொட்டி, அதைப் பிடித்து வைக்கச் செடி நடுவது. அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் மணலைப் பிடிப்பதில் கெட்டிக்காரர். தாழை, பூவரசு, அதற்குப் பின்னால் பனை. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்ற பழமொழி இந்தக் கரையைப் பார்த்துச் சொன்னது போலவே இருக்கும்.

கேள்வி மணல் எங்கிருந்து வரும் என்பதுதான். மணற்காட்டுக் குன்றுகளிலிருந்து அள்ளி வந்து பருத்தித்துறையில் கொட்டினால், ஓர் ஊரின் காவலைப் பிடுங்கி இன்னோர் ஊருக்குக் கொடுத்ததாகும். மணல் அகழ்வால் அந்தப் பக்கம் ஏற்கனவே பட்டது போதும். கடலுக்கு அடியிலிருந்து மணல் உறிஞ்சிக் கொட்டுவதற்குக் கப்பல் வேண்டும். ஒரு நகரசபைக்குக் கட்டுப்படியாகாது. பாறைத் தட்டு மேலேயே இருக்கும் கரையில் கொட்டிய மணல் ஒரு வாடையைத் தாண்டாது.

மணல் இயல்பாகவே உள்ள கரையில் நிலைமை வேறு. அங்கே கொட்டத் தேவையில்லை. இருப்பதைப் பிடித்து வைத்தால் போதும். நட்ட செடி வேர் பிடித்துப் படர இரண்டு, மூன்று மாரி வேண்டும். அதுவரை ஆடுமாடு நுழையாமல் வேலி, முதல் சித்திரை வெயிலுக்குத் தண்ணீர், வண்டி ஏறாமல் காவல். இவ்வளவுதான் செலவு. நான்கு தெரிவுகளிலும் மிகக் குறைந்த காசு இதற்குத்தான். மிகக் கூடிய பொறுமையும் இதற்குத்தான்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | மதில் | கல்லணை | பின்வாங்கல் | மணலும் செடியும் |
|---|---|---|---|---|
| காலடி அரித்தால் | முறியும் | இறங்கி நிற்கும் | அரிப்பு கிட்ட வராது | தானே மறுபடி சேரலாம் |
| தொழில் செய்யும் கரை | நாளடைவில் குறையும் | உடனே குறையும், வழி விட்டால் தாங்கும் | கூடும் | அப்படியே இருக்கும் |
| பக்கத்துக் கரை | முனையில் அரிப்பு | முனையில் அரிப்பு, சற்றுக் குறைவு | பாதிப்பில்லை | நன்மை |
| முதல் செலவு | நடுத்தரம் | அதிகம் (போக்குவரத்து) | மிக அதிகம் (காணி) | குறைவு |
| பத்து ஆண்டில் | அதிகம் | குறைவு | மிகக் குறைவு | குறைவு, ஆள் வேண்டும் |
| நடக்க, இருக்க | நன்று | சுமார் | மிக நன்று | நன்று, சக்கர நாற்காலிக்குக் கடினம் |

## எந்தக் கரைக்கு எது?

பருத்தித்துறை, வல்வெட்டித்துறையில் வீடும் வீதியும் கடலை ஒட்டி நிற்கும் பகுதிகளில் வேறு வழியில்லை: வானுக்கு நேரே வழி விட்டு, துண்டு துண்டாகக் கல்லணை, இறங்குதுறையில் மட்டும் பாறையில் கால் ஊன்றிய மதில். நடைபாதை ஊர்ப்பக்கம். கடற்கரையில் குந்தியிருந்து காற்று வாங்கும் இன்பத்தை இழப்பதா என்றால், வள்ளம் ஏற்ற விடும் வழிகளின் இரு பக்கமும் இரண்டு மூன்று படிக்கட்டும் இருக்கையும் வைக்கலாம். முழு நீளத்துக்கும் வேண்டியதில்லை.

மணற்காட்டிலிருந்து மருதங்கேணிப் பக்கம் வரையுள்ள வடமராட்சி கிழக்கில் கடலை ஒட்டி எதையும் கட்டக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். 2004 டிசம்பர் 26 அந்தக் கரைக்கு என்ன செய்தது என்று அங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மணற்குன்றையும் செடியையும் காப்பாற்றி, கட்டுவதை எல்லாம் அதற்குப் பின்னால் கட்ட வேண்டும்.

காரைநகர் கசூரினாவில் கழற்றிப் பூட்டும் வகைதான் சரி. அங்கே சனம் வருவது மணலுக்காக. மதில் கட்டி மணலை இழந்தால் வருவதற்குக் காரணமே இருக்காது.

தொண்டைமானாற்று வாயில் மணல் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும் இடம். வாயை ஒட்டி நிரந்தரமாக எதுவும் வேண்டாம்.

பண்ணை கடலேரி. அலை சிறிது, தண்ணீர் ஆழமில்லை. அங்கே தாழ்வான மதிலே போதும். காற்று நேரே படும் துண்டுகளில் மதிலுக்கு முன்னால் கண்டல் வளரவிட்டால் மதிலின் ஆயுள் கூடும். வடகரைக்குத் தேவையான கல்லையும் காசையும் அங்கே கொட்டுவது வீண்.

## கையெழுத்துக்கு முன்

கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி, சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து கரைப்பக்கம் 300 மீற்றர், சராசரி தாழ்நீர் மட்டக் கோட்டிலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றர் கரையோர வலயம். வெளிநாட்டுக் காசில் கட்டினாலும், ஊரவர் சிரமதானமாகக் கட்டினாலும் இது பொருந்தும். அனுமதி இல்லாமல் தொடங்கிய வேலை நடுவில் நின்றால், பாதியில் நின்ற அணை இல்லாத அணையை விட மோசம். முனை அரிப்பு அங்கேதான் தொடங்கும்.

வேலை நடக்க வேண்டிய காலம் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலம். சித்திரையிலிருந்து புரட்டாசி நடுப்பகுதி வரை வடகரை வாடைக் காலத்தை விட எவ்வளவோ அடங்கியிருக்கும். ஆனால் அரச நிதியாண்டு டிசம்பரில் முடிவதால், செலவழிக்காத காசு திரும்பிவிடும் என்ற அவசரத்தில் பல வேலைகள் ஐப்பசியில் தொடங்குகின்றன. காலடி தோண்டிய நேரத்தில் வாடை வந்துவிடும். ஐப்பசியில் தொடங்குவோம் என்று யாராவது சொன்னால், காசு போனாலும் பரவாயில்லை, வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளிநாட்டுச் சங்கங்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு: அவர்களின் காசுக்கு டிசம்பர் 31 கிடையாது. அரச நிதி எட்டாத பங்குனி, சித்திரை மாதங்களில் அளவீட்டுக்கும் கல் இறக்குவதற்கும் அந்தக் காசைக் கொடுத்தால் சோளகம் முழுவதும் வேலைக்குக் கிடைக்கும்.

ஒப்பந்தகாரருக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கைப் பிடித்து வைப்பது வழக்கம். அதை விடுவிக்கும் நாளை வேலை முடிந்த நாளிலிருந்து எண்ணாமல், அதற்குப் பின் வரும் மாசி மாதத்துக்கு வையுங்கள். ஒரு முழு வாடை அடித்த பிறகு, சங்கத்து ஆட்கள் அலவாங்கோடு போய்த் தட்டிப் பார்த்து, கல் இறங்கிய இடத்தையும் மண் கசிந்த இடத்தையும் எழுதிக் கொடுத்து, திருத்தி முடித்ததும் மீதியைக் கொடுக்கலாம்.